சாசேஜும் உப்புக்கண்டமும்

‘சாசேஜ்’ என்றதும் விரல் நீளத்து இறைச்சிச் சுருள்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பெயரில் வடிவமும் இல்லை, இறைச்சியும் இல்லை. உப்பு மட்டுமே இருக்கிறது. லத்தீன் மொழியில் ‘சால்’ என்பது உப்பு, ‘சல்சுஸ்’ என்பது உப்பிட்டது. பிற்கால லத்தீனில் அது ‘சல்சீசியா’ ஆனது. வட பிரெஞ்சு வழக்கு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து ‘சாசேஜ்’ ஆயிற்று. சாஸ், சாலட், சலாமி மூன்றும் அதே உப்பு வேரில் கிளைத்தவை.

இதற்கு இணையாகத் தமிழில் நிற்கும் சொல் உப்புக்கண்டம். உப்பு தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் பொதுச் சொல். கண்டம் வடமொழியிலிருந்து வந்தது. துண்டு என்று பொருள். ‘கண்டதுண்டமாக வெட்டினான்’ என்கிறோமே, அந்தக் கண்டம்தான். ஆட்டுக்கறியை மெல்லிய துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைப்பார்கள். கிடா வெட்டிய வீட்டில் மிஞ்சிய கறியைக் காப்பாற்ற ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் இருந்த வழி அது.

தொண்டை நாட்டுக்கு இந்தப் பொருளில் இன்னும் பழைய சொற்கள் உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடியிருப்பில் ‘வாடூன்’ உணவைச் சொல்கிறது. வாடிய ஊன், அதாவது காய்ந்த இறைச்சி. உழவர் வீட்டு விருந்தில் அதே நூல் கோழியையும் வைக்கிறது. பெட்டைக் கோழிக்கு ‘அளகு’ என்றும், அதை வாட்டிச் சமைத்த கறிக்கு ‘வாட்டு’ என்றும் பெயர். வாடூன், கருவாடு இரண்டும் ஈரம் வற்றியதைப் பெயராகக் கொண்டவை. உப்புக்கண்டம், காக்கும் பொருளான உப்பையே பெயராகக் கொண்டது. சாசேஜ் இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது.

அதே தொண்டை நாட்டில் அமைந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் கறிக்கடைப் பேச்சு மாறவில்லை. ஆட்டுக் குடலை இந்தப் பக்கத்தில் ‘போட்டி’ என்பார்கள். தெலுங்கிலும் அது ‘போட்டி’தான். ஆடிக் கிருத்திகைக்கு விரதம் காத்துக் காவடி எடுக்கும் ஊரில், மற்ற நாள்களில் சமையலறைக்கு வரும் பொருள் இது. ஐரோப்பியர் சாசேஜுக்கு உறையாக்கியவற்றில் இதே ஆட்டின் சிறுகுடலும் ஒன்று. நாம் அதைக் குழம்பு வைத்தோம். அவர்கள் அதற்குள் கறியை அடைத்தார்கள்.

தமிழர் வாழும் நிலத்தில் அடைத்த இறைச்சிக்கு வேறொரு பெயர் வேரூன்றியது இலங்கையில். 1505இல் அங்கே வந்த போர்த்துக்கீசியரின் ‘லிங்குயிசா’, ‘லிங்குஸ்’ என்று சுருங்கி இன்றும் வழங்குகிறது. பொருளோடு பெயரும் சேர்ந்தே வந்து இறங்கியதால், அங்கே புதிய சொல் ஆக்கும் தேவை எழவில்லை.

வீட்டில் கோழி சாசேஜ் செய்பவர்கள் இந்தச் சொல்லின் வரலாற்றை அறிந்திருப்பது கைக்கு உதவும். எலும்பு நீக்கிய தொடைக்கறி ஒரு கிலோவுக்கு 15 முதல் 18 கிராம் உப்பு வேண்டும். உப்புப் பட்டதும் தசையிலுள்ள மயோசின் என்னும் புரதம் கரைந்து பசையாகிறது. வெந்தபின் துண்டு உதிராமல் பிடித்து நிறுத்துவது அந்தப் பசைதான். அதனால் கறியை நன்றாகக் குளிரவைத்து அரைத்து, உப்பைத் தொடக்கத்திலேயே போட்டு, ஐஸ் தண்ணீர் தெளித்து, கையில் ஒட்டும்வரை பிசைய வேண்டும். தோலின் கொழுப்பும் கொஞ்சம் சேர்ந்தால் வறண்டு போகாது. மிளகு, பூண்டு, சீரகம் அவரவர் விருப்பம். உறை கிடைக்காவிட்டால் வாழையிலையில் இறுகச் சுருட்டி ஆவியில் வேகவைக்கலாம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்க வேண்டும்.

இன்னொரு சொல்லும் எச்சரிக்கிறது. லத்தீனில் சாசேஜுக்கு ‘பொடுலுஸ்’ என்றும் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர், கெட்டுப்போன சாசேஜ் தின்று மக்கள் இறந்ததை ஆராய்ந்தார். ‘பொட்டுலிசம்’ என்னும் நோய்ப்பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்ததே. காற்றுப் புகாத இடத்தில் வளரும் நுண்ணுயிரின் நஞ்சால் வரும் நோய் அது. ஆலைகளில் நைட்ரைட் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் செய்வதில் நைட்ரைட் இல்லை. ஆகவே வெந்ததை உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தின்று தீர்த்துவிட வேண்டும்.

சாசேஜுக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது? இணைய மொழிபெயர்ப்புகளில் ‘தொத்திறைச்சி’ உலவுகிறது. கடையில் கேட்பவர்கள் ‘சாசேஜ்’ என்றே கேட்கிறார்கள், அது இருக்கட்டும். அதை உப்புக்கண்டம் என்று அழைப்பதும் பொருந்தாது. ஒன்று அரைத்து அடைத்தது, மற்றொன்று அரிந்து உலர்த்தியது. கவலையெல்லாம் உப்புக்கண்டத்தைப் பற்றித்தான். செய்முறை மறைந்தால் சொல்லும் அகராதிக்குள் ஒடுங்கிவிடும். வீட்டில் அதைச் செய்யத் தெரிந்த மூத்தவர்கள் இருந்தால், உப்பின் அளவையும் வெயிலின் கணக்கையும் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.