வாவிக்கரையில் ஒரு துறவி

சமய பக்தி தேவாலயத்தின் சுவர்களுக்குள் அடங்குவதா, அன்றி அன்றாட வாழ்க்கையிலும் நடமாடுவதா என்னும் வினா பழையது. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு துறவியின் வாழ்க்கையே அதற்கு விடையாயிற்று.

யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் பிறந்தவர். இயேசு சபையைச் சேர்ந்த அவர், இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில் இங்கு வந்தார். புளியந்தீவிலுள்ள புனித மைக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். பின்னர், கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இளைஞர் கைத்தொழில் கற்கத் துணை நின்றார். அக்கல்லூரியிற் கிறித்தவர் மட்டுமன்றி இந்துக்களும் முஸ்லிம்களும் பயின்றனர். சுவாமி விபுலாநந்தரும் அதன் பழைய மாணவரே. ஆதலின் அடிகளாரின் பக்தி, பிற சமயத்தார் நடுவே, விளையாட்டுத் திடலிலும் பட்டறையிலும் தொண்டாக வெளிப்பட்டது.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் மாதத்திற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். வேறிடங்களில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். அயலவரை அயலவர் அஞ்சினர். அம்மாதம் 15ஆந் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அடிகளாரும் உடன் சென்ற தமிழ் இளைஞரும் வழியிற் காணாமற் போயினர். அவர்கள் திரும்பவே இல்லை.

அமைதிக் காலத்தில் அன்றாட வேலையிற் பயின்ற பக்தியே, அச்சம் சூழ்ந்த காலத்திலும் அவரை மக்களிடையே நிறுத்தியது. நாள்தோறும் வாழ்ந்து பழகாத நம்பிக்கை சோதனை நாளில் நிலைநிற்பதரிது.