மூடிவைத்த லேப்டாப் ஏன் தூங்கவில்லை?

வரலாற்று வாத்தியார் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்க வேண்டாம். இதுவும் வரலாறுதான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மரக்காணத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. மூன்றாம் நாள், குடிசை இழந்த உப்பளத் தொழிலாளர்களின் பட்டியலைத் தயாரிக்க உட்கார்ந்தோம். அரிசியும் தார்ப்பாயும் தர ஒருவர் முன்வந்திருந்தார். நான் பெயர் சொல்லச் சொல்ல, என் பழைய மாணவன் ஒருவன் டைப் அடித்தான். லேப்டாப் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, லினக்ஸ் போட்டிருந்தது. இரவானதும், "மூடி வைப்பா, மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கலாம்" என்றேன். மூடி வைத்தான். பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது.

காலையில் திறந்தால் உயிரே இல்லை. பட்டியலைச் சேமித்திருக்கவும் இல்லை. பத்துப் பேர் முன்னால் அவனைத் திட்டினேன். "ஒழுங்கா மூடத் தெரியாதா?" என்று கேட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாபகத்திலிருந்து கையால் எழுதிக் கொடுத்தோம். இரண்டு பெண்களின் பெயர் விட்டுப்போனது. அன்று அவர்கள் வெறுங்கையோடு திரும்பியதை நான் பார்த்தேன்.

கரண்ட் வந்த பிறகு அவன் லேப்டாப்பைத் திறந்து, இயந்திரம் தானே எழுதிவைக்கும் பதிவேட்டைக் காட்டினான். மூடிய உடனே எல்லாக் கருவிகளையும் தூங்கச் சொல்லியிருக்கிறது. வைஃபை கார்டின் டிரைவர் மட்டும் "முடியாது" என்று பிழை சொல்லியிருக்கிறது. ஒன்று மறுத்தாலும் தூக்கம் ரத்து. தூங்கிய மற்றவையும் எழுந்துவிடும். இரவு முழுக்க விழித்திருந்தே பேட்டரி தீர்ந்திருக்கிறது.

டிரைவர் என்றால் பஸ் ஓட்டுபவர் அல்ல. திரை, வட்டு, வைஃபை என்று ஒவ்வொரு கருவியிடமும் அதன் மொழியில் பேசும் சிறு நிரல். கருவியைத் தூங்கவைப்பதும் எழுப்புவதும் அதன் பொறுப்பு. இந்தப் பொறுப்பு அதனிடம் வந்த கதையைச் சொல்கிறேன்.

1992-ல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் ஏ.பி.எம். என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் பிடி பெரும்பாலும் பயாஸின் கையில்தான். பயாஸ் என்பது தாய்ப்பலகையிலேயே எழுதிவைத்த அடிப்படை நிரல். மேலே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறையை வெளியிட்டன. முடிவெடுக்கும் அதிகாரம் இயங்குதளத்துக்கு வந்தது. ஒவ்வொரு கருவிக்கும் படிநிலைகள் வகுத்தார்கள். டி-0 என்றால் முழு விழிப்பு. டி-3 என்றால் ஆழ்ந்த உறக்கம் அல்லது முழு அணைப்பு. டி-1, டி-2 இரண்டும் இடைப்பட்ட நிலைகள், எல்லாக் கருவியிலும் இருக்காது.

உறக்கம் ஆழமாக ஆழமாக மறதியும் கூடும். முழுதும் அணைந்த கருவி தன் அமைப்புகளையெல்லாம் மறந்துவிடும். ஆகவே அணைக்குமுன் டிரைவர் அவற்றைக் குறித்துவைத்து, எழுந்ததும் திரும்ப எழுதவேண்டும். வரிசையும் முக்கியம். நம் உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் வராமல் பாத்திக்கு வராது. அதேபோல் எழுப்பும்போது கருவிகள் தொங்கும் பொதுப்பாதை முதலில் எழவேண்டும், கருவி பிறகு. தூங்கவைக்கும்போது கருவி முதலில், பாதை கடைசியில்.

நம் நாட்டிலும் இந்தக் கவலை இருந்தது. 1999-ல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் மற்றவர்களோடு சேர்ந்து சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கிராமத்து மக்களுக்கான, லினக்ஸில் ஓடும் கைக்கணினி அது. ஓடுவது, சும்மா இருப்பது, உறங்குவது என மூன்று நிலைகள் கொண்ட ஸ்ட்ராங்ஆர்ம் சில்லைப் பயன்படுத்தினார்கள். கரண்ட் நிச்சயமில்லாத ஊரில் பேட்டரியின் ஒவ்வொரு சொட்டும் கணக்குதானே?

2009 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.32-ல், போலந்துக்காரர் ரஃபாயல் விசோட்ஸ்கியின் உழைப்பால் இன்னொரு வசதி சேர்ந்தது. மொத்தக் கணினியும் தூங்கும்வரை காத்திராமல், வேலையில்லாத கருவி தனியே தூங்கலாம். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை வைத்திருப்பார்கள். அது பூஜ்யமானால் தூங்கலாம். உப்பளத்தில் கடைசியாகக் கரையேறுகிறவர் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி. ஆனால் அந்த டிரைவரை எழுதியவர் இதற்கு இடம் வைத்திருந்தால்தான் நடக்கும்.

அந்தப் பதிவேட்டை அவன் காட்டியபோது, "சரி சரி, விடு" என்று எழுந்து போய்விட்டேன். தப்பு அவனுடையது இல்லை என்று அப்போதே தெரிந்தது. சேமிக்கச் சொல்லாமல் மூடச் சொன்னதும் நான்தான். திட்டியது பத்துப் பேர் முன்னால். ஒப்புக்கொண்டது யார் முன்னாலும் இல்லை. இன்று அவன் வெளியூரில் டிரைவர் எழுதும் வேலையில் இருக்கிறான். இதைப் படிப்பான்.

தம்பி, மன்னிச்சிடுப்பா. அந்த இரண்டு பெண்களுக்கும் பின்னால் அரிசியும் தார்ப்பாயும் கிடைத்தன. உனக்குச் சேரவேண்டியதுதான் இத்தனை வருஷம் பாக்கி இருந்தது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்