வேக ஈனுலை: வாக்குறுதியும் இடர்களும்

வேக ஈனுலை என்பது, தான் எரிக்கும் எரிபொருளைவிடக் கூடுதலான எரிபொருளை உண்டாக்கும்படி வடிவமைக்கப்பட்ட அணுவுலை. இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 சுமார் 0.7 விழுக்காடுதான். எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. வழக்கமான உலைகளில் இதன் பெரும்பகுதி பயனின்றிப் போகிறது. ஈனுலை அதைப் புளுட்டோனியமாக மாற்றி எரிபொருளாக்குகிறது. பல நூற்றாண்டுகளுக்குக் குறையாத மின்சாரம் என்ற நம்பிக்கை இதிலிருந்தே பிறந்தது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், இந்தியா ஆகிய நாடுகள் இதில் பெரும் பொருளும் உழைப்பும் செலவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் இம்முயற்சியைக் கைவிட்டன.

இயங்கும் முறை

வழக்கமான உலையில் நீர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வெப்பத்தை வெளியே கொண்டுசெல்கிறது. நியூட்ரான்களின் வேகத்தையும் குறைக்கிறது. ஈனுலைக்கு வேகம் குறையாத நியூட்ரான்கள் தேவை என்பதால் அதில் நீரைப் பயன்படுத்த இயலாது. பெரும்பாலான ஈனுலைகளில் உருகிய சோடியமே வெப்பத்தைக் கடத்துகிறது. உலையின் கருவில் புளுட்டோனியம் கலந்த எரிபொருள் இருக்கும். அதைச் சுற்றி யுரேனியம்-238 போர்வைபோல் வைக்கப்பட்டிருக்கும். கருவிலிருந்து வெளிவரும் நியூட்ரான்களை உள்வாங்கி இந்தப் போர்வை சிறிது சிறிதாகப் புளுட்டோனியமாக மாறும். அதைப் பிரித்தெடுத்து மீண்டும் எரிபொருளாக்க, மறுசெயலாக்க ஆலை ஒன்று தேவை. எனவே ஈனுலையைத் தனியாக மதிப்பிட முடியாது. உலை, மறுசெயலாக்க ஆலை, எரிபொருள் ஆலை மூன்றும் சேர்ந்ததே ஈனுலைத் திட்டம்.

சோடியத்துக்கு நல்ல குணங்களும் உண்டு. அது 98 பாகை செல்சியசில் உருகி 883 பாகையில்தான் கொதிக்கும். அதனால் நீருலைகளில் உள்ள உயர் அழுத்தம் இங்கே தேவைப்படுவதில்லை. எஃகை அது எளிதில் அரிப்பதுமில்லை. ஆனால் சூடான சோடியம் காற்றுப் பட்டால் தீப்பற்றும். நீரைத் தொட்டால் ஹைட்ரஜனை வெளியிட்டு வெடிக்கவும் கூடும். நீராவி உண்டாக்கும் கலனில் சோடியத்தையும் நீரையும் பிரித்து நிற்பது மெல்லிய குழாய்ச் சுவர் மட்டுமே. மேலும் சோடியம் ஒளி புகாதது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பழுதுபார்க்க வழியில்லை.

தொடக்க காலம்

1951 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இபிஆர்-1 என்ற சிறிய ஈனுலை நான்கு மின்விளக்குகளை எரியவைத்தது. அணுசக்தியிலிருந்து பயன்படத்தக்க மின்சாரம் கிடைத்த முதல் நிகழ்வு அது. அணுமின்சாரத்தின் வரலாறே ஈனுலையில்தான் தொடங்கியது எனலாம். அதே உலையின் கரு, 1955-ல் நடந்த ஒரு சோதனையின்போது பகுதியளவு உருகிப்போனது.

அக்காலத்தில் யுரேனியம் அரிய பொருளாகக் கருதப்பட்டது. அணுவுலைகளின் எண்ணிக்கை பெருகும், யுரேனியம் தீர்ந்துபோகும், அப்போது ஈனுலைகளே கைகொடுக்கும் என்று வல்லுநர்கள் கணக்கிட்டனர். பிற்காலத்தில் கனடா, ஆஸ்திரேலியா, கஜகஸ்தான் உள்ளிட்ட நாடுகளில் பெரும் யுரேனியப் படிவுகள் கண்டறியப்பட்டன. எதிர்பார்த்த எண்ணிக்கையில் உலைகளும் கட்டப்படவில்லை. கணக்கின் அடிப்படையே தளர்ந்தது.

நாடுகளின் அனுபவம்

அமெரிக்கா: டெட்ராய்ட் நகருக்கு அருகில் கட்டப்பட்ட ஃபெர்மி-1 உலையில் 1966 அக்டோபர் 5 அன்று உலோகத் தகடு ஒன்று கழன்று சோடியம் ஓடும் வழியை அடைத்தது. எரிபொருள் தொகுதிகள் இரண்டு உருகின. அந்தத் தகடு, பாதுகாப்பைக் கூட்டுவதற்காகக் கடைசிக் கட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒன்று. உலை 1972-ல் மூடப்பட்டது. டென்னசி மாநிலத்தில் திட்டமிடப்பட்ட கிளிஞ்ச் ரிவர் ஈனுலையை அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1977 முதல் எதிர்த்தார். 1983-ல் நாடாளுமன்றம் அதற்கான நிதியை நிறுத்தியது. நம்பிக்கையளித்த முடிவுகளும் கிடைத்தன. 1986 ஏப்ரலில் இபிஆர்-2 உலையில் குளிர்விப்பு ஓட்டத்தை வேண்டுமென்றே நிறுத்திச் சோதித்தபோது, உலை சேதமின்றித் தானாகவே தணிந்தது.

பிரான்ஸ்: 1,200 மெகாவாட் திறனுள்ள சூப்பர் ஃபீனிக்ஸ் இதுவரை கட்டப்பட்டவற்றில் மிகப்பெரிய ஈனுலை. அதில் 5,000 டன்னுக்கும் கூடுதலான சோடியம் இருந்தது. 1986-ல் மின்கட்டமைப்போடு இணைக்கப்பட்டது. மறு ஆண்டே எரிபொருள் சேமிப்புக் கலனில் சோடியக் கசிவு கண்டறியப்பட்டது. பழுதும் அனுமதிச் சிக்கலுமாகப் பெரும்பாலான காலம் நின்றே கிடந்த அதை மூடப்போவதாகப் பிரதமர் லியோனெல் ஜோஸ்பான் 1997-ல் அறிவித்தார். அடுத்த தலைமுறைக்கான அஸ்ட்ரிட் திட்டமும் 2019-ல் கைவிடப்பட்டது.

ஜெர்மனி: கால்கார் என்ற ஊரில் கட்டி முடிக்கப்பட்ட எஸ்என்ஆர்-300 உலையில் எரிபொருள் ஏற்றப்படவே இல்லை. மக்கள் எதிர்ப்பாலும் மாநில அரசின் மறுப்பாலும் 1991-ல் திட்டம் முடிவுக்கு வந்தது. அந்த வளாகம் இப்போது ஒரு கேளிக்கைப் பூங்கா.

ஜப்பான்: ஃபுகுய் மாவட்டத்தின் மோன்ஜு உலை 1995 ஆகஸ்டில் மின்சாரம் தரத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று, சோடியக் குழாய்க்குள் நீட்டியிருந்த வெப்பமானி உறை ஒன்று அதிர்வால் முறிந்தது. சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. கசிந்தது உலையின் கருவைத் தொடாத இரண்டாம் சுற்றுச் சோடியம் என்பதால் கதிரியக்கம் வெளியேறவில்லை. ஆனால் உலையை நடத்திய நிறுவனம் விபத்தின் காணொளியை வெட்டிச் சுருக்கி வெளியிட்டது அம்பலமானதும் மக்களின் நம்பிக்கை சரிந்தது. 2010 மேயில் மீண்டும் இயக்கப்பட்ட உலை, சில மாதங்களிலேயே 3.3 டன் எடையுள்ள கருவி ஒன்று உலைக்கலனுக்குள் விழுந்ததால் நின்றது. ஒரு லட்சம் கோடி யென்னுக்கு மேல் விழுங்கிய மோன்ஜு, மொத்தத்தில் சுமார் 250 நாட்களே இயங்கியது. 2016 டிசம்பரில் அதை மூட அரசு முடிவெடுத்தது. பிரித்தெடுக்கும் பணி 2047 வரை நீளும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது.

ரஷ்யா: பெலயார்ஸ்கில் உள்ள பிஎன்-600 உலை 1980 முதல் இயங்கிவருகிறது, பிஎன்-800 உலை 2015 டிசம்பரில் மின்கட்டமைப்போடு இணைந்தது. ஈனுலை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டும் வலுவான சான்று பிஎன்-600. அதிலும் சோடியக் கசிவுகளும் தீவிபத்துகளும் பலமுறை நிகழ்ந்துள்ளன. அவற்றைச் சமாளித்து இயக்கும் பயிற்சியே ரஷ்யாவின் வெற்றிக்குக் காரணம்.

இந்தியா: கல்பாக்கம்

அணு இயற்பியலாளர் ஹோமி பாபா 1950-களில் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் ஈனுலை இரண்டாம் கட்டம். இந்தியாவில் யுரேனியம் குறைவு. கேரளம், தமிழ்நாடு, ஒடிசா கடற்கரை மணலில் தோரியம் மிகுதி. முதல் கட்டமான கனநீர் உலைகளில் கிடைக்கும் புளுட்டோனியத்தை ஈனுலையில் இட்டுப் பெருக்கி, முடிவில் தோரியத்தை எரிபொருளாக்குவது பாபாவின் எண்ணம்.

தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் பிரெஞ்சு வடிவமைப்பை ஒட்டிய சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் தொடர்வினையை (தானாகத் தொடரும் அணுப்பிளவை) எட்டியது. 1987-ல் எரிபொருளைக் கையாளும்போது நேர்ந்த விபத்தால் அது ஈராண்டுகள் முடங்கியது. 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையைக் கட்ட 2003-ல் பாவினி நிறுவனம் தொடங்கப்பட்டது. பணி 2004 அக்டோபரில் ஆரம்பித்தது. இரண்டே மாதத்தில் ஆழிப்பேரலை வந்து கட்டுமானக் குழியைக் கடல்நீரால் நிரப்பியது. 3,492 கோடி ரூபாயில் 2010-க்குள் முடியும் எனச் சொல்லப்பட்ட திட்டத்தின் செலவு ஏறக்குறைய இரு மடங்கானது. எரிபொருள் ஏற்றும் பணி 2024 மார்ச் 4 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது.

தாமதம் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டுக்குள் 43,500 மெகாவாட் அணுமின் திறன் உருவாகும் என்று அணுசக்தித் துறை 1960-களின் இறுதியில் கணித்தது. அந்த ஆண்டு வந்தபோது இருந்தது 3,000 மெகாவாட்டுக்கும் குறைவு. 2008-க்குப் பின் வெளிநாடுகளிலிருந்து யுரேனியம் வாங்க வழி திறந்ததால், ஈனுலைக்காகச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணமும் வலுவிழந்தது. இதற்கிடையே மாற்று வழிகளும் வளர்ந்தன: 2025 தொடக்கத்தில் இந்தியாவின் சூரிய மின் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது.

மறைந்திருக்கும் இடர்கள்

முதல் இடர் உலையின் இயற்பியலிலேயே உள்ளது. பெரும்பாலான நீருலைகளில் நீர் வற்றினால் தொடர்வினை தளரும். பெரிய ஈனுலையின் கருவில் சோடியம் கொதித்து விலகினால் தொடர்வினை தீவிரமாகக்கூடும். அதனால்தான் உருகிய எரிபொருள் ஒன்றுதிரளும் கொடிய விபத்தையும் கணக்கில் கொண்டு பாதுகாப்புக் கூடத்தை வடிவமைக்க வேண்டியுள்ளது.

இரண்டாவது புளுட்டோனியம். அதன் முதன்மை வடிவமான புளுட்டோனியம்-239-இன் அரைவாழ்வு சுமார் 24,100 ஆண்டுகள். ஓர் அணுகுண்டுக்கு 8 கிலோ போதும் என்ற அளவைப் பன்னாட்டு அணுசக்தி முகமை தன் கண்காணிப்புக்கு அடிப்படையாகக் கொள்கிறது. கல்பாக்கத்தின் இரு ஈனுலைகளும் அந்தக் கண்காணிப்பு வளையத்துக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன.

மூன்றாவது, உலைக்கு வெளியே உழைப்பவர்களின் இடர். 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் வால்வு ஒன்று பழுதானதால், குறைந்த கதிரியக்கக் கழிவு இருக்க வேண்டிய தொட்டியில் மிகுந்த கதிரியக்கமுள்ள கழிவு சேர்ந்துவிட்டது. அதை அறியாமல் மாதிரி எடுக்கச் சென்ற ஊழியர்கள் உட்பட 6 பேர் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அந்தப் பகுதியில் கதிரியக்கத்தை எச்சரிக்கும் கருவி இருக்கவில்லை. பொதுமக்களுக்குச் செய்தி எட்ட மாதங்களாயின.

மதிப்பீடு

ஈனுலையின் அறிவியல் பொய்யல்ல. எரிபொருளைப் பெருக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அந்த அறிவியலை மலிவாகவும் நம்பகமாகவும் மின்நிலையமாக்க முடியும் என்பதே பெரும்பாலான நாடுகளில் பொய்த்தது. கழன்ற தகடு, முறிந்த உறை, பழுதான வால்வு ஆகிய சிறு பாகங்களே பெரும் திட்டங்களை முடக்கின. அச்சிறு தவறுகளைவிட ஆழமான தீங்கு, அவற்றை மூடிமறைத்ததால் விளைந்தது. சீனாவும் ரஷ்யாவும் இன்று புதிய வேக உலைகளைக் கட்டிவருகின்றன. அவற்றின் வெற்றி தோல்வி எதுவாயினும், ஓர் ஈனுலையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் சமூகத்துக்கு அதன் செலவு, கசிவு, கதிர்வீச்சு அளவு பற்றிய கணக்குகள் உடனுக்குடன் கிடைக்க வேண்டும். கல்பாக்கம் கரையில் வலை வீசுவோருக்கும் ஆலைக்குள் உழைப்போருக்கும் அந்த உரிமை முதலில் உண்டு.