முதன்மைத் தமனியைக் காக்கும் மடல்

பவர் பிரஸ்ஸிலோ கரும்பாலை உருளையிலோ சிக்கி நசுங்கிய கையில், எலும்பு முறிவைவிடத் தோல் இழப்பே பல நேரங்களில் பெரிய சிக்கலாகிறது. எலும்பைக் கம்பி வைத்து நிறுத்திவிடலாம். புறங்கைத் தோல் உரிந்து, விரல்களை நீட்டும் தசைநாண்கள் திறந்து கிடந்தால் என்ன செய்வது? தொடையிலிருந்து சீவியெடுத்து ஒட்டும் தோலுக்குக் கீழிருந்து இரத்தம் ஊற வேண்டும். மெல்லுறை இழந்த தசைநாணிலும், மேலுறை உரிந்த எலும்பிலும் அது பிடிக்காது. அங்கே தன் இரத்த ஓட்டத்தைத் தானே கொண்டுவரும் தோலும் கொழுப்பும் வேண்டும். அதைத்தான் மடல் என்கிறோம். அறுவை அரங்கில் ஃபிளாப் என்போம். அதை எங்கிருந்து எடுப்பது, எடுத்த இடம் அதற்கு என்ன விலை கொடுக்கும் என்பதே அறுவை மருத்துவரின் நீண்டகாலக் கவலை.

1972-ல் மெக்கிரிகரும் ஜாக்சனும் விவரித்த தொடையிடுக்கு மடலில், அடிபட்ட கையை ஏறக்குறைய மூன்று வாரம் தொடையிடுக்கோடு தைத்து வைக்க வேண்டும். கை தாழ்ந்தே இருப்பதால் வீங்கும். தோளும் முழங்கையும் விரல் மூட்டுகளும் இறுகும். ஆனாலும் அந்த மடலை இகழ எனக்கு மனம் வராது. நுண்ணோக்கி எட்டாத ஊர்களில் அது எத்தனையோ கைகளைக் காத்தது, இன்றும் காக்கிறது. 1981-ல் சீன மருத்துவர்கள் வெளியிட்ட முன்கை மடல் அந்த மூன்று வாரக் கட்டிலிருந்து விடுதலை தந்தது. மெல்லிய, நம்பகமான தோல் ஒரே அறுவையில் கிடைத்தது. ஆனால் கைக்கு இரத்தம் தரும் இரண்டு முதன்மைத் தமனிகளில் ஒன்றான ஆரத் தமனியை அதற்காகப் பலியிட வேண்டியிருந்தது. நசுங்கிய கையில் இன்னொரு தமனியான அல்நார் முழுமையாக இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? காயம்பட்ட கையிடமே இவ்வளவு பெரிய கடன் வாங்கலாமா?

இதற்கான விடை உடற்கூறு நூல்களில் ஒரு நூற்றாண்டாகவே காத்திருந்தது. எக்ஸ்-கதிர் கண்டறியப்படுவதற்கு முன்பே, 1889-ல், கார்ல் மான்ஷோ கத்தியும் கண்ணும் கொண்டே தோலின் தமனிகளை வரைந்துவிட்டார். 1936-ல் மிஷேல் சல்மோன் பிண உடல்களின் நாளங்களில் ஈய ஆக்சைடு கலவையைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படமெடுத்தார். 1987-ல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லரும் பாமரும், அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள நாளங்கள் சராசரியாக 374 தோலுக்கு வந்து சேர்கின்றன என்று கணக்கிட்டனர். ஆழத்தில் ஓடும் தமனியிலிருந்து கிளைத்து, தசையையோ தசை இடுக்கையோ கடந்து, தசையுறையைத் துளைத்துத் தோலுக்கு ஏறும் இந்தச் சிறு நாளங்களே பெர்ஃபரேட்டர்கள், அதாவது துளைநாளங்கள். ஆற்றைத் திருப்பாமல் ஒரு மடையைக் கொண்டே வயலை நனைக்க முடியும் என்பதை 1989-ல் ஜப்பானின் கோஷிமாவும் சோயேதாவும் காட்டினர். அதுவரை வயிற்றுத் தோலை எடுக்க அடியிலுள்ள நேர்தசையையும் சேர்த்தெடுத்தார்கள். இவ்விருவரும் தசையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, தொப்புளுக்கு அருகே ஏறும் துளைநாளத்தின் பலத்தில் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்தனர்.

கைக்கு இதனால் கிடைத்தது அதிகம். பெக்கர் 1988-ல் விவரித்த மடல், மணிக்கட்டின் பட்டாணி எலும்புக்கு 2 முதல் 5 செ.மீ. மேலே பிரியும் கிளையை நம்பி வாழ்கிறது. அல்நார் தமனி அப்படியே இருக்கும். குவாபா 1990-ல் விவரித்தது விரல் முட்டிகளுக்குச் சற்று மேலே, உள்ளங்கை எலும்புகளின் இடையே எழும் நாளத்தை நம்பியது. புறங்கைத் தோலையே திருப்பி விரலின் பின்புறத்தை மூடலாம். பெரிய இழப்புக்குத் தொடையின் முன்பக்கத் தோல் இருக்கிறது. 1984-ல் சீனாவின் சோங் விவரித்த அம்மடலைத் தைவானில் வெய் குழுவினர் 672 முறை கையாண்டு 2002-ல் வெளியிட்டனர். அதன் பிறகு உலகமே அதை நாடியது.

காலின் கதை வேறு. கணுக்காலுக்கு மேலே, கீழ்மூன்றில் ஒரு பங்கில், திருப்பி மூடத் தசை கிடையாது. இருசக்கர வாகன விபத்தில் எலும்பு தெரியும் காயம் அங்கே வந்தால், முன்பு மறுகாலோடு தைப்பார்கள். இல்லையேல் நுண்ணோக்கியின் கீழ் நாளங்களை இணைக்கும் பெரிய அறுவை. இப்போது பின்கால் தமனியிலிருந்தோ ஃபிபுலா தமனியிலிருந்தோ ஏறும் ஒரு துளைநாளத்தை அச்சாக வைத்து, மடலைக் காற்றாடி இறகுபோல் 180 பாகை சுழற்றிக் காயத்தை மூடலாம்; இதுவே சுழல் மடல். நாளங்களைத் தைத்து இணைக்கும் வேலையே இல்லை.

இது சொல்ல எளிது, செய்யப் பொறுமை வேண்டும். கையடக்க டாப்ளர் கருவியால் நாளத்தின் ஒலியைத் தேடித் தோலில் குறிக்கிறோம். ஆனால் டாப்ளர் பொய் சொல்லும்: அடியில் ஓடும் முதன்மைத் தமனியின் ஒலியையே துளைநாளமாகக் காட்டும். எனவே முதலில் ஒரு பக்க விளிம்பை மட்டும் கீறி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் எல்லா நாளங்களையும் பார்த்த பிறகே ஒன்றைத் தேர்கிறோம். அதைச் சுற்றியுள்ள உறை இழைகள் ஒவ்வொன்றையும் அறுத்து, நாளத்தை ஆழம்வரை விடுவிக்க வேண்டும். நீளமாக விடுவித்த நாளத்தில் முறுக்கு பரவி விழும். ஓர் இழை மிஞ்சினாலும் அந்த இடத்தில் மடிந்துவிடும். முதலில் அடைபடுவது பெரும்பாலும் மெல்லிய சுவருள்ள சிரைதான். மடல் வெளுத்தால் தமனிக் கோளாறு; நீலம் பாரித்து, அழுத்திவிட்டதும் விரைந்து நிறம் திரும்பினால் சிரைக் கோளாறு. அப்போது தையலை அவிழ்த்து, தேவைப்பட்டால் மடலைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டுக் காத்திருக்கும் துணிவு வேண்டும்.

இத்தனை நுட்பமும் காயம் சுத்தமான பிறகுதான் பயன்தரும். யூகோஸ்லாவியாவின் லியூப்லியானாவில் பணியாற்றிய மார்கோ கோடினா, செத்த திசுவை முழுதாக அகற்றி 72 மணி நேரத்துக்குள் மூடிய காயங்களில் தோல்வியும் நோய்த்தொற்றும் மிகக் குறைவு என்று 1986-ல் வெளியான கட்டுரையில் காட்டினார். அழகான மடலை அழுக்கின் மேல் போர்த்துவதைவிட மோசமான அறுவை இல்லை என்பது என் உறுதியான கருத்து. காயத்தின் அருகிலுள்ள நாளமும் அடிபட்டிருக்கலாம். நசுங்கிய எல்லைக்குள் இருக்கும் துளைநாளத்தை நான் நம்பமாட்டேன்.

தமிழ்நாட்டில் கை அறுவைக்கு ஆழ்ந்த மரபு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி விரல்நுனி இழப்புக்கு வகுத்த சாய்முக்கோண மடல் 1980-ல் வெளியாகி, உலகப் பாடநூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த மரபின் அடுத்த கடமை மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கிறது. சுழல் மடலுக்கு விலையுயர்ந்த நுண்ணோக்கி தேவையில்லை. கூலி வேலை செய்பவரைக் குடும்பத்தோடு பெருநகருக்கு அனுப்பாமல், அவர் ஊருக்கு அருகிலேயே காயத்தை மூடலாம். அதற்கு வேண்டியவை: கையடக்க டாப்ளர், உருப்பெருக்கிக் கண்ணாடி, உடற்கூறு அரங்கில் இந்த நாளங்களைத் தன் கையால் தேடிப் பிரித்துப் பழகிய மருத்துவர், முதல் இரண்டு இரவுகளில் மணிக்கொருமுறை மடலின் நிறத்தைப் பார்த்துக் குறித்து, மாறினால் உடனே தொலைபேசியை எடுக்கத் தயங்காத செவிலியர்.