முடியாத ஆட்டம்

“எழுந்து குளித்து, நாலு பேரோடு பேசு, எல்லாம் சரியாகிவிடும்.” மனச்சோர்வில் கிடக்கும் பெண்ணுக்கு எல்லோரும் தரும் இந்த யோசனையை 2013இல் ஒரு கணினி விளையாட்டு சிவப்புக் கோடு போட்டு அடித்துவிட்டது.

அதன் பெயர் ‘டிப்ரஷன் குவெஸ்ட்’. சோயி குயின், பேட்ரிக் லிண்ட்ஸி, ஐசக் ஷாங்லர் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. பெரும்பாலும் எழுத்துதான். மனச்சோர்வுள்ள ஒருவரின் அன்றாடத்தைப் படித்துக்கொண்டே போகிறோம். அடுத்து என்ன செய்யலாம் என்று சில வழிகள் வரிசையாக வருகின்றன. எது நல்லது என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்த வரி அடிக்கப்பட்டிருக்கிறது; அழுத்தினால் ஒன்றும் நடக்காது. நோய் முற்ற முற்ற, அடிபட்ட வரிகள் கூடுகின்றன. சிகிச்சையை ஏற்றால் சில வரிகள் மெல்லத் திறக்கின்றன.

ஜெயிக்கப் பழகிய கைக்கு இது எரிச்சலூட்டும். வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தார்கள். வழி கண்ணெதிரே இருந்தும் கை எட்டாத நிலை எப்படி இருக்கும் என்பதை நம் விரலே உணர்ந்துகொள்கிறது.

2014 ஆகஸ்டில் குயின்மீது ஒரு பழி பரவியது: நல்ல விமர்சனம் கிடைக்க ஒரு பத்திரிகையாளரோடு உறவு வைத்தார் என்று. அந்தப் பத்திரிகையாளர் இந்த விளையாட்டுக்கு விமர்சனமே எழுதியதில்லை. ஆனாலும் வன்புணர்வு மிரட்டல்களும் கொலை மிரட்டல்களும் குவிந்தன. குயின் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ‘கேமர்கேட்’ என்று பெயர்பெற்ற அந்த வேட்டை, துறையில் குரல் கொடுத்த பல பெண்களையும் துரத்தியது. உருவாக்கியவர்கள் மூவர், பழி சுமந்தது ஒருவர்.

2017இல் பிரிட்டனின் நிஞ்ஜா தியரி நிறுவனம் ‘ஹெல்பிளேட்’ விளையாட்டை வெளியிட்டது. மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரும், குரல்கள் கேட்கும் அனுபவமுள்ளவர்களும் ஆலோசனை தந்தார்கள். நாயகி செனுவாவின் குரல்கள் நம் காதுக்குள்ளும் ஓயாமல் பேசுகின்றன. அடிக்கடி தோற்றால் இதுவரை வந்த தூரமெல்லாம் அழிந்துபோகும் என்று விளையாட்டு எச்சரிக்கிறது. அப்படி அழிவதில்லை என்று பிறகு தெரியவந்தது. அதற்குள் ஆடியவர்கள் பயத்தோடு வாழ்ந்து பார்த்துவிட்டார்கள்.

கணினியைத் தொடுவதற்கு முன்பே, ஜெயிக்க முடியாத ஓர் ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உண்டு. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விளிம்பைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்குவது என் சின்னம்மாவின் வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு வருடம் அவர் வேலைக்குப் போகவில்லை; பகலெல்லாம் படுத்தே கிடந்தார். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர்.

சாயங்காலம் பல்லாங்குழியை எடுத்துத் தனியே சீதைப் பாண்டி ஆடுவார். அசோகவனத்தில் சீதை ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம். எங்கள் வீட்டு முறையில், ஏழு குழிகளில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று காய்களை வைக்க வேண்டும். ஏழு காய் உள்ள குழியை அள்ளி, அதிலிருந்தே குழிக்கு ஒன்றாகப் போட்டு வந்தால் அடுத்த குழியில் ஏழு சேர்ந்திருக்கும். மறுபடி அள்ளு, மறுபடி போடு. ஏழாவது முறை முடிந்ததும் காய்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். எதிராளி இல்லை, வெற்றி இல்லை, தோல்வியும் இல்லை.

இதை நோயைக் காட்டவென்று யாரும் அமைக்கவில்லை. ஆனால் இதற்குச் சீதையின் பெயரை வைத்தவர்களுக்குச் சிறையிருக்கும் பெண்ணின் பகல் எப்படிச் சுற்றும் என்று தெரிந்திருக்கிறது.

விளையாடுகிறவர் சலித்தால் கணினியை மூடிவிடலாம். நோயுற்றவருக்கு அது முடியாது. பத்து நிமிட எரிச்சலால் அவர் பட்டது முழுவதும் விளங்கிவிடாது. ஆனால் “ஏன் எழுந்திருக்கவில்லை?” என்று கேட்கும் முன், அவளுக்கு எந்தெந்த வரிகள் அடிபட்டிருக்கின்றன என்று பார்க்க அந்த எரிச்சல் நம்மைப் பழக்கும். சிலவற்றை நோய் அடித்திருக்கும். அவற்றுக்கு மருத்துவர் வேண்டும். சிலவற்றைக் கூலியும் வீடும் அடித்திருக்கும். அந்தக் கோடுகளை நாம்தான் அழிக்க வேண்டும்.