படைப் பயிற்சியும் தாய்மொழியும்

தட்டாஞ்சாவடியிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குச் செல்வோர், முதல் உலகப்போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1930களின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தைக் கண்டிருப்பர். அவ்வீரர்களுள் பலர் வீட்டில் பேசியது தமிழ். படையில் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளைகளோ பிரெஞ்சு மொழியில் அமைந்தவை. துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு வீரன் கற்க வேண்டிய முதற்பாடம் மொழியே. புதிதாகச் சேர்ந்தவனுக்குப் புரியாத மொழியில் கட்டளையிடுவது எங்ஙனம்? இரு உலகப்போர்களிலும் பேரரசுகள் யாவும் இவ்வினாவை எதிர்கொண்டன. அவை அளித்த விடைகள் நமக்கும் சில செய்திகளைச் சொல்கின்றன.

அமெரிக்கா 1917 ஏப்ரலில் போரில் இறங்கியபோது அதன் நிலைப்படை மிகச் சிறியது. கட்டாயப் படைச்சேர்க்கைச் சட்டத்தின்வழி இலட்சக்கணக்கான இளைஞர்கள் திரட்டப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இத்தாலி, போலந்து, ருசியா முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய பலருக்கு ஆங்கிலம் தெரியாது. தொடக்கத்தில் இவர்கள் பயிற்சியில் பின்தங்கியோராகக் கருதப்பட்டுச் சமையற்கூட வேலைக்கும் கூலி வேலைக்கும் ஒதுக்கப்பட்டனர். 1918இல் ஜார்ஜியா மாநிலத்தின் கார்டன் முகாமில் வேறொரு முறை கையாளப்பட்டது. வீரர்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டனர். அவரவர் மொழி பேசும் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். கூடவே ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. நேற்றுவரை மந்தபுத்தியினர் எனப்பட்டவர்கள் விரைவில் தேர்ச்சி பெற்றனர். இம்முறை பின்னர்ப் பிற முகாம்களுக்கும் பரவியது. இரண்டாம் உலகப்போரின்போது எழுத்தறிவற்றோருக்கெனச் சிறப்புப் பயிற்சிப் பிரிவுகள் அமைக்கப்பட்டன; அவற்றின்வழி சுமார் 2,50,000 பேர் படிக்கவும் எழுதவும் கற்றுத் தேறினர். ஆயினும் கறுப்பின வீரர்களைத் தனியே ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை அதே படை 1948 வரை கைவிட ஆணையிடவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

பிரெஞ்சுப் படையின் வழி வேறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முதல் உலகப்போரில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் கணிசமானோர் முஸ்லிம்கள். தென்பிரான்சின் ஃபிரெழூஸ் பகுதி முகாம்களில் குளிர்காலத்தைக் கழித்துப் பயிற்சி பெற்ற அவர்களுக்கு, இலக்கணம் நீக்கிச் சிதைக்கப்பட்ட ஒரு கொச்சைப் பிரெஞ்சு கற்பிக்கப்பட்டது. அதற்கென 1916இல் கையேடு ஒன்றும் வெளியிடப்பட்டது. வினைச்சொற்கள் திரிபின்றி, குழந்தைகள் மழலை பேசுவதுபோல அமைந்த மொழி அது. ஆப்பிரிக்கர் இதற்கு மேல் கற்க இயலாதவர் என்னும் எண்ணமே அதன் அடித்தளம். ஃபிரெழூசில் வாழ்ந்த லூசி குஸ்தூரியே என்னும் ஓவியர் அவ்வெண்ணத்தை ஏற்கவில்லை. அவர் தம் இல்லத்திற்கு வந்த வீரர்களுக்கு முறையான பிரெஞ்சையே கற்பித்தார். அவ்வனுபவத்தை 1920இல் நூலாகவும் வெளியிட்டார். 1926இல் படைத்துறை தானே அக்கொச்சை மொழியைக் கைவிட்டு முறையான பிரெஞ்சைப் பயிற்றுவிக்க முன்வந்தது.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் உருது, உரோமானிய எழுத்தில் எழுதப்பட்டுப் பொதுமொழியாக விளங்கியது. தமிழர்களைப் பொறுத்தவரை இச்சிக்கல் கூர்மையாக வெளிப்பட்டது இந்திய தேசிய இராணுவத்திலேயே. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் தலைமையேற்ற பின், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றிய தமிழர்கள் திரளாக அதில் இணைந்தனர். இராணி ஜான்சி படையில் சேர்ந்த பெண்களுள்ளும் தமிழர் மிகப் பலர். கட்டளைகளோ இந்துஸ்தானியில் இருந்தன. ஆகவே அம்மொழி உரோமானிய எழுத்தில் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. எனினும் போஸின் உரைகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டே தமிழ் மக்களைச் சென்றடைந்தன. அணிவகுப்புக்கு இந்துஸ்தானி போதுமாயிருந்தது. உள்ளத்தைத் தொடத் தமிழ் தேவைப்பட்டது.

இஸ்லாமிய வரலாற்றைப் பயில்வோர்க்கு இச்செய்தி புதிதன்று. ஹிஜ்ரி 2இல் நிகழ்ந்த பத்ருப் போருக்குப் பின், ஈட்டுத்தொகை செலுத்த இயலாத, ஆனால் எழுத்தறிந்த கைதிகள் மதீனாச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிவகுத்ததாக வரலாற்று அறிவிப்புகள் கூறுகின்றன. பகைவனிடமிருந்தும் கல்வியைப் பெறலாம் என்பது அதன் பாடம். தூதர்கள் ஒவ்வொருவரும் தத்தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டனர் என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் இப்ராஹீம் அத்தியாயம் உணர்த்துகிறது; விளக்கிச் சொல்லுதலே அதன் நோக்கம் என்றும் அது தெளிவாக்குகிறது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் அவ்வுணர்வின் கனி. படைத்துறையினர் அயல் எழுத்தைக் கொண்டு அயல் மொழியைப் புகட்டினர். நம் ஆலிம்களோ குர்ஆன் ஓதப் பழகிய எழுத்தைக் கொண்டே மார்க்கச் சட்டங்களையும் ஒழுக்க நூல்களையும் தாய்மொழியில் தந்தனர். அதனால் பள்ளிக்கூடம் சென்றறியாப் பெண்களும் வீட்டிலிருந்தே தொழுகையின் விதிகளைப் பொருளறிந்து படித்தனர்.

இன்று நம் மக்தபுகளில் பிள்ளைகள் குர்ஆனைத் திருத்தமாக ஓதுகின்றனர். அவ்வோதுதலின் நன்மையில் ஐயமில்லை. ஆனால் ஓதியதன் பொருளைத் தமிழில் கேட்டால் பலர் மௌனமாகின்றனர். அவர்களை மந்தமானவர்கள் என்று ஒதுக்குவது, கார்டன் முகாமுக்கு முந்திய அதிகாரிகளின் தவற்றையே மீண்டும் செய்வதாகும். குறை பிள்ளைகளிடம் இல்லை. நாம் பயிற்றுவிக்கும் முறையில் உள்ளது. ஒவ்வொரு நாளும் ஓதும் பாடத்தில் ஒரு வசனத்திற்கேனும் நல்ல தமிழில் பொருள் கூறுவதை ஆசிரியர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் புதிய நூல்களோ பெரும் நிதியோ தேவையில்லை. பிள்ளைகளால் புரிந்துகொள்ள இயலும் என்னும் நம்பிக்கை போதும்.