பாஸ்புக்கில் ஒரு முத்திரை: டெபாசிட் காப்பீட்டை வங்கிகள் நமக்கு எப்படிச் சொல்லி வந்தன?

2019 அக்டோபர்ல வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ சுத்துச்சு. எச்.டி.எஃப்.சி. வங்கியோட பாஸ்புக், அதுல ஒரு முத்திரை. வங்கி கலைக்கப்பட்டால், டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் என்பதுதான் அதன் சாரம்.

பார்த்தவங்க பதறிட்டாங்க. "அப்போ இந்த வங்கியும் மூழ்கப் போகுதா?" வங்கி உடனே விளக்கம் கொடுத்தது: இது புது விதி இல்லை, 2017 ஜூன் 22-ம் தேதி ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கைப்படிதான் அச்சடிச்சிருக்கோம் என்று. தைரியம் கொடுக்க வேண்டிய ஒரு வாக்கியம், பயத்தைக் கொடுத்துடுச்சு. ஏன்? அதுக்கு 1960-க்குப் போகணும்.

கேரளத்தில் கோட்டயம் பக்கத்துல பாலா என்று ஒரு ஊர். அங்கே 1927-ல் தொடங்கியது பாலாய் சென்ட்ரல் பேங்க். 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போக, அந்த வங்கி மூடப்பட்டது. அதே ஆண்டு லக்ஷ்மி பேங்க் என்ற இன்னொரு வங்கியும் விழுந்தது. வங்கியில் போட்ட பணம் பத்திரம் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டது. விளைவு, 1961-ல் டெபாசிட் காப்பீட்டுக் கழகச் சட்டம். 1962 ஜனவரி 1 முதல் கழகம் இயங்க ஆரம்பிச்சது. அன்றைய உச்சவரம்பு ஒருவருக்கு 1,500 ரூபாய்.

பிறகு இந்தத் தொகை படிப்படியாக ஏறியது. 1968-ல் 5,000, 1970-ல் 10,000, 1976-ல் 20,000, 1980-ல் 30,000, 1993-ல் 1 லட்சம். அதோட நின்னுச்சு, அடுத்த 26 வருஷத்துக்கு மேல அதே 1 லட்சம்தான். இதுக்கான பிரீமியத்தைக் கட்டுவது வங்கி. நாம தனியா ஒரு பைசாகூடக் கட்டுறதில்ல.

சரி, தொகை இருக்கு, சட்டம் இருக்கு. வாடிக்கையாளருக்கு யார் சொன்னாங்க? ஒரு வங்கியைக் காப்பீட்டில் சேர்க்கும்போது, கிளைகளில் பார்வைக்கு வைக்கச் சொல்லி கழகம் அச்சடித்த துண்டறிக்கைகளைக் கொடுக்கும். சந்தேகம் இருந்தால் கிளை அதிகாரியிடம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எப்படிப் போய்க் கேட்பார்?

அமெரிக்காவில் இதை வேற மாதிரி செய்தாங்க. அங்கே காப்பீடு தொடங்கியது 1934 ஜனவரியில், வரம்பு 2,500 டாலர். காப்பீடு பெற்ற வங்கி ஒவ்வொன்றும் தன் அலுவலகங்களில் அதற்கான பலகையை வைக்க வேண்டும் என்று 1935 சட்டமே சொல்லிடுச்சு. பணம் போடப் போகிறவர் கண்ணில் அது தினமும் படும். தினமும் படுவதால் யாரும் பயப்படுவதில்லை.

நம்ம ஊரில் பாஸ்புக்கில் போடணும் என்ற உத்தரவு வர 2017 ஆச்சு. அதுவும் தனி அறிவிப்பாக இல்லை. பாஸ்புக்கில் வரவு செலவு விவரங்களைப் புரியும்படி பதிவு செய்யுங்கள் என்று சொன்ன சுற்றறிக்கையில், காப்பீட்டு விவரத்தையும் வரம்பையும் சேர்த்து முன்னாலேயே போடுங்கள் என்று ஒரு வரி.

இப்போ 2019-க்கு வருவோம். செப்டம்பர் 23-ம் தேதி மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது. ஆரம்பத்தில் ஒருவர் எடுக்கக்கூடியது வெறும் 1,000 ரூபாய். காப்பீடுதான் இருக்கே என்று நினைத்தவர்களுக்கு அடுத்த அடி: வங்கி கலைக்கப்பட்டாலோ இன்னொரு வங்கியோடு இணைக்கப்பட்டாலோதான் பழைய சட்டப்படி காப்பீட்டுப் பணம் வரும். வங்கி சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். நாடு முழுக்க இதைப் பேசிக்கிட்டிருந்த வாரங்களில்தான் அந்த முத்திரை போட்டோ சுத்தினது.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சாஃப்ட்வேரின் வரம்பு என்ன என்பதை அதைப் பயன்படுத்தத் தொடங்கும்போதே சொல்லிடணும். முதல் தடவையாக எர்ரர் மெசேஜில் சொன்னால், பயனர் அதைத் தகவலாகப் படிக்க மாட்டார், ஆபத்தாகத்தான் படிப்பார். பாஸ்புக் முத்திரைக்கு நடந்தது அதேதான். அதில் இருந்த வாக்கியம் சரி. 1962-லிருந்து எல்லா பாஸ்புக்கிலும் அது இருந்திருந்தால் யாரும் போட்டோ எடுத்திருக்க மாட்டாங்க.

அதுக்கப்புறம் மாற்றங்கள் வேகமா வந்தன. 2020 பிப்ரவரி 4 முதல் வரம்பு 5 லட்சம். 2021-ல் சட்டத் திருத்தம்: பணம் எடுக்கக் கட்டுப்பாடு போட்ட வங்கியின் வாடிக்கையாளருக்கும் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்க வழி செய்தாங்க. 2023-ல் வங்கிகள் தங்கள் இணையதளத்திலும் இன்டர்நெட் பேங்கிங் பக்கத்திலும் கழகத்தின் லோகோவையும் கியூ.ஆர். கோடையும் செப்டம்பர் 1 முதல் காட்ட வேண்டும் என்று உத்தரவு.

ஆனா லோகோ மட்டும் பார்த்தால் முழு விஷயமும் புரியாது. 5 லட்சம் என்பது ஒரு கணக்குக்கு அல்ல, ஒரு வங்கியில் ஒரு நபருக்கு. அதே வங்கியின் 4 கிளைகளில் பிரித்துப் போட்டாலும், உங்க ஒருத்தர் பேரில் இருப்பதை ஒன்றாகத்தான் கூட்டுவாங்க. அசலும் வட்டியும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம். வேறொரு வங்கியில் போட்டால் அதுக்குத் தனி வரம்பு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடே கிடையாது.

ஓய்வு பெற்ற ஒருவர் தனக்கு வந்த 9 லட்சத்தை ஒரே கூட்டுறவு வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போடுறார்னு வைங்க. 2 வங்கியில் பிரித்துப் போட்டிருந்தால் முழுவதும் காப்பீட்டுக்குள் வந்திருக்கும். இந்தத் தகவலை அவருக்குச் சொல்ல வேண்டிய இடம் இணையதளத்தின் மூலையில் இருக்கும் கியூ.ஆர். கோடு இல்லை. அவர் படிவத்தில் கையெழுத்துப் போடும் அந்த மேசைதான்.

அடுத்த முறை கிளைக்குப் போகும்போது பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. வீட்டுப் பெரியவங்க டெபாசிட் எங்கெங்கே எவ்வளவு இருக்குன்னும் ஒரு தடவை கேட்டுடுங்க.